நீலப் பட்டை முங்கி வந்த வள்ளம்

புன்னைத்துறைக் கரையில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே மட்டும் மணல் தாழ்ந்து, யாரோ பெரிய உடம்புக்காரர் படுத்துத் தூங்கி எழுந்து போன பாய் மாதிரி பள்ளமாகக் கிடக்கும்; அலை எத்தனை தடவை வந்து நிரவினாலும் மறுநாள் பள்ளம் பழையபடி தெரியும். என்ன ஏது என்று விசாரித்தால் ஊர்க்காரர்கள், "அது கித்தேரி முதல்முதலா கடலுக்குப் போன அன்னைக்கு வள்ளம் கரையேறுன இடம்லா" என்று சொல்லிவிட்டு வலைதைக்கிற ஊசியைக் கையில் எடுத்துக்கொள்வார்கள், அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது என்பதைப் போல. நீங்கள் வெளியூர் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கித்தேரியின் புருஷன் தொபியாஸ் கரையில் பேசாத மனுஷன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் வாயிலிருந்து விழுந்த சொற்களையெல்லாம் அவள் ஒரு சிரட்டையில் ஏந்தி வைத்திருந்தால் அந்தச் சிரட்டை இன்னும் பாதிகூட நிறைந்திருக்காது. "ம்" என்பான், "சரி" என்பான், பசித்தால் "சோறு" என்பான். அவனோடு சண்டை போடுவதென்றால் இரண்டு பேர் பேச்சையும் கித்தேரியே பேச வேண்டும். சமாதானம் ஆவதென்றாலும் அப்படித்தான். கெட்டவன் இல்லை, குடிகாரன் இல்லை, கை நீட்டுகிறவனும் இல்லை. பக்கத்தில் படுத்திருக்கும்போதும் எங்கேயோ தூரத்தில் இருக்கிறவன், அவ்வளவுதான். அவன் அம்மா இன்னாசியம்மாளிடம் ஒருநாள் வாய்விட்டுக் குறைப்பட்டதற்கு, "அவங்க அப்பா அப்படித்தான், அவுகளுக்கு அப்பாவும் அப்படித்தான். இந்த வீட்டு ஆம்பளைகளுக்கு நாக்கு வாய்க்கல. நான் வாழலியா?" என்று இன்னாசியம்மாள் முறத்தைத் தட்டிக்கொண்டு எழுந்துபோனாள்.

தொபியாஸிடம் இருந்தது அப்பா விட்டுப்போன சின்ன வள்ளம். இரண்டு பேர் தொழில். ஒருவர் பின்னால் எஞ்சினைப் பிடித்து வள்ளத்தை நீரோட்டத்துக்கு நிறுத்தினால்தான் மற்றவர் முன்னால் தூண்டில் விட முடியும். தம்பி எமிலியான் கூடப் போய்க்கொண்டிருந்தான். அவன் மாலத்தீவுக்குக் கப்பல் வேலைக்குப் போனதும் கூட வர ஆள் கிடைக்கவில்லை, சும்மா இருந்த கைகளையெல்லாம் பெரிய போட்டுகள் வாரிக்கொண்டுவிட்டன. தொபியாஸ் காலையில் கரைக்குப் போய் வள்ளத்தின் நிழலில் குந்தியிருந்துவிட்டு, வெயில் ஏறி நிழல் சுருங்கிப்போய்த் தன்னை வெளியே தள்ளியதும், வீட்டுக்கு வந்தான். இப்படியே நாள்கள் போக, ஒருநாள் கித்தேரி சொன்னாள், "நான் வாரேன்."

"ம்" என்றான் தொபியாஸ். அது எந்த "ம்" என்று அவளுக்குத் தெரியும்.

புன்னைத்துறையில் பெண்கள் வள்ளத்தைக் கழுவலாம், வர்ணம் அடிக்கலாம், கயிறு பிடித்துக் கரையேற்றலாம், அது கொண்டுவந்த மீனை மைல் கணக்கில் தலையில் சுமக்கலாம். அதற்குள் உட்கார்ந்து அலை தாண்டத்தான் கூடாது. தாண்டினால் மீன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று பேச்சு. "எங்க காலத்துல தீட்டு, தொடக்குன்னு வள்ளத்துப் பக்கமே விடமாட்டாக, இவ ஏறி உக்காரப் போறாளாம்" என்று இன்னாசியம்மாளே முதலில் வாய் திறந்தாள். விஷயம் ஊர்க் கமிட்டிக்குப் போனது. கமிட்டித் தலைவர் பர்னபாஸ் நல்ல மனுஷன். ஆனால் நல்ல மனுஷன் என்று ஊர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிற ஆசையும் உள்ள மனுஷன். கோயில் வளவில் கூடியவர்கள் முகத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ரெண்டு கன்னத்தையும் உப்பி, காற்றை விட்டு, தீர்ப்புச் சொன்னார்.

"ஒரே ஒரு நாள் போய்ட்டு வரட்டும். மீன்பாடு நல்லா இருந்தா மேக்கொண்டு பேசுவோம். வெறும் வள்ளமா வந்தா அத்தோட சரி. பெறவு கித்தேரி அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம் மாமா" என்றாள் கித்தேரி. தொபியாஸ் தலையை ஆட்டினான்.

விடிகிற நேரத்தில் வள்ளம் இறங்கியது. முதல் அலையில் கித்தேரியின் வயிறு தொண்டைக்கு வந்தது, இரண்டாவது அலையில் முந்தின நாள் சாப்பிட்டது கடலுக்குப் போனது, மூன்றாவது அலையைத் தாண்டி வள்ளம் நிதானப்பட்டு, கரைச் சத்தமெல்லாம் அடங்கி, எஞ்சின் தாளம் ஒன்று மட்டும் மிஞ்சியபோது, தொபியாஸ் தொண்டையைச் செருமினான். செருமிவிட்டு, பேசத் தொடங்கினான்.

"வாயக் கொப்பளிச்சிக்கோ. எமிலியான் முத நாளு எம் முதுகுலயே வாந்தி எடுத்தான், அந்தச் சட்டையத்தான் நீ ரெண்டு நாளு தொவச்ச, நியாபகம் இருக்கா? அந்தா பாரு, பாறை மாதிரி தெரியுதுலா, பாறை இல்ல, மேகத்து நிழலு, புதுசா வாரவன் எவனும் ஏமாறுவான். இந்தத் தண்ணிக்கி ஒரு வாசம் உண்டு, மோந்து பாரு, வெட்டுன வெள்ளரிக்கா கணக்கா இல்ல? அப்படின்னா கீழ பார் இருக்கு, மீனு மேயுற கல்லுத்திட்டு இருக்குன்னு அர்த்தம்..."

கித்தேரி பின்னால் திரும்பிப் பார்த்தாள். எஞ்சின் பிடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தது அவள் புருஷன்தான். அதே மூக்கு, அதே கிழிந்த பனியன். ஆனால் வாய் மட்டும் திருவிழாக் கடைக்காரன் வாய். அவன் ஊர்க்கதை சொன்னான், உலகக்கதை சொன்னான், தேய்பிறையில் நண்டுக்கு ஏன் சதை குறைகிறது என்பதைத் தானே நண்டாகி நடித்துக் காட்டினான். அவள் என்றைக்கோ வைத்த முருங்கைக்கீரையில் உப்பு எவ்வளவு சரியாக இருந்தது என்று, அந்தக் கீரையை அப்போதுதான் தின்று எழுந்தவன் மாதிரி நாக்கைச் சப்புக்கொட்டினான்.

"அன்னைக்கு நீ கோவத்துல கொழம்புச்சட்டியப் போட்டு ஒடச்சியே, நான் மறுநாள் இங்க வந்து எமிலியான்கிட்ட வெயில் உச்சிக்கு வாரவரைக்கும் ஒம் பக்கந்தான் பேசினேன். தப்பு எம் பேர்லதாம்லேன்னு சொன்னேன். அவன் காதப் பொத்திக்கிட்டான்."

"அத எங்கிட்ட சொல்லணும்லா! எமிலியான்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்?"

"கரையில நாக்கு எந்திரிக்க மாட்டேங்குது, கித்தேரி. மணலு ஏறுன மாதிரி கெடக்கு. அப்பாவுக்கும் அப்படித்தான். கடல்ல அவுககூட வந்தா நமக்குக் காது வலிக்கும்."

"மாமாவா? மாமா பேசுவாகளா?"

"பேச்சா? பாட்டே படிப்பாக. அம்மா பேரப் போட்டுப் படிப்பாக."

கித்தேரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிரித்தாள். அவள் சிரித்தபோது வள்ளம் தண்ணீரில் ஒரு விரல்கடை இறங்கியது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

கோயில் கோபுரமும் ஒற்றைப் பனையும் ஒரே கோட்டில் வருகிற இடத்தில் வள்ளத்தை நிறுத்தித் தூண்டில் விட்டார்கள். மீன் வரவில்லை. வரவில்லை என்றால் சும்மா வராமலிருக்கவில்லை; கிளாத்தி என்கிற திருட்டு மீன்கள் வந்து இரையை மட்டும் சுத்தமாக வழித்துத் தின்றுவிட்டு, வெறும் தூண்டில் முள்ளைத் திருப்பி அனுப்பின, பாத்திரம் கழுவிக் கொடுக்கிற விருந்தாளிகள் மாதிரி. கித்தேரி வீசிய முள் போய்ப் புருஷன் பனியனில் மாட்டியது. "இன்னைக்கி மொத மீனு" என்று அவன் வாயைத் திறந்து திறந்து மூடினான். வெகுநேரம் கழித்துக் கயிறு கனமாக இழுத்தது; இரண்டு பேரும் பதறிப் பிடித்து மேலே ஏற்றினால், பேத்தை. திங்க உதவாத பேத்தை மீன் வள்ளத்துக்குள் விழுந்ததும் கோபத்தில் வயிற்றையும் கன்னத்தையும் உப்பிக்கொண்டு கண்ணை உருட்டி அவர்களைப் பார்த்தது.

"இது யாரு மாதிரி இருக்கு சொல்லு?" என்றான் தொபியாஸ்.

கித்தேரி உற்றுப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. "ஒரே ஒரு நாள் போய்ட்டு வரட்டும்" என்று அவள் பர்னபாஸ் குரலில் சொல்ல, பேத்தை சரியாக அந்த நேரம் காற்றை விட, இரண்டு பேரும் வள்ளத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, கண்ணீர் வழிய, ஒருத்தர் நிறுத்தினால் அடுத்தவர் தொடங்கி, அடுத்தவர் நிறுத்தினால் பேத்தை தொடங்கி வைக்க, அப்படிச் சிரித்தார்கள். தலைவருக்கு மரியாதை செய்து பேத்தையைக் கடலுக்குள் திருப்பி விட்டார்கள். அப்புறம் பழஞ்சோற்றுத் தூக்குவாளியைத் திறந்து, சுட்ட கருவாட்டைப் பிய்த்து, "காலுக்குக் கீழ கடல வச்சுக்கிட்டு கருவாடு திங்கோம், வெக்கங்கெட்ட தொழிலு" என்று அவன் சொல்ல அதற்கும் சிரித்தார்கள்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவக் கித்தேரி குனியப் போனாள். குனிய வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கையை நீட்டினாள், தண்ணீர் கையோடு இருந்தது.

"இந்தாருங்க. வள்ளம் இறங்கியிருக்கே. ஓட்டை கீட்டை விழுந்துட்டா?"

தொபியாஸ் அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்தான். உள்ளே சருகாய்க் காய்ந்திருந்தது. பக்கப் பலகையைத் தட்டிப் பார்த்தான், விளிம்புக்கு வெளியே எட்டி நீலப் பட்டையைத் தேடினான். வள்ளத்தைச் சுற்றிலும் அடித்திருந்த அந்தப் பட்டை தண்ணீருக்குள் போயிருந்தது. "கனம் ஏறுது" என்றான், பொழுது ஏறுகிறது என்று சொல்வதைப் போல.

"எதோட கனம்?"

"மீனு இல்ல. அது மட்டும் தெரியுது."

மீன் என்றதும் கித்தேரிக்கு நினைவு வந்தது. கூடையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு விளமீன், கொஞ்சம் காரல், பாவம் பார்த்து மாட்டிக்கொண்ட ஒரு கிளாத்தி. அவ்வளவுதான். இதைக் கொண்டுபோய்க் கரையில் வைத்தால் பர்னபாஸ் கன்னத்தை உப்புவார், அத்தோடு சரி. நாளைக்கு இவன் மறுபடியும் "ம்" என்பான். இந்த வாய், இந்த நண்டு, சட்டி உடைந்த அன்றைக்குத் தன் பக்கம் பேசிய இந்த மனுஷன், எல்லாம் மூன்றாவது அலைக்கு அந்தப் பக்கமே இருந்துகொள்ளும். இத்தனை வருஷம் இல்லாதது இல்லாமலே இருந்திருந்தால் போகட்டும். இருக்கிறது என்று பார்த்துவிட்டு எப்படி விடுவது?

"அங்க போய் என்ன சொல்ல?" என்றாள்.

"நீதான் சொல்லணும்" என்றான் தொபியாஸ். "அலை தாண்டுனா எனக்கு வாய் கெடையாது."

எஞ்சின் முனகிக்கொண்டே திரும்பியது. வழிநெடுக அவன் பேசினான், மிச்சம் வைக்காமல் பேசினான். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். பயமும் இருந்தது, ஆனாலும் அந்த வெயிலும் வெள்ளரி வாசமும் அவன் குரலும் நன்றாக இருந்தன என்பதை அவளால் மறைக்க முடியவில்லை. வள்ளமும் மறைக்கவில்லை, அது இன்னும் கொஞ்சம் இறங்கியது.

கரையில் முதலில் பார்த்தவன் ஏலக்காரன் கஸ்பார். புன்னைத்துறையில் மீனை முகம் பார்த்துக் கேட்கிற வழக்கம் இல்லை. வள்ளம் தூரத்தில் வரும்போதே கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பட்டையைப் பார்ப்பார்கள். பட்டை முழுசாகத் தெரிந்தால் பாடு இல்லை, பாதி தெரிந்தால் வீட்டுக்கு ஆச்சு, பட்டை முங்கினால் ஊருக்கே ஆச்சு. கஸ்பார் ஒரு தடவை பார்த்தான், கண்ணைக் கசக்கி மறுதடவை பார்த்தான், அப்புறம் தொண்டை கிழியக் கத்தினான்.

"ஏய்! பட்டை முங்கிட்டு! கித்தேரி வள்ளம் பட்டை முங்கி வருது!"

அவ்வளவுதான். ஐஸ் பெட்டிகள் வந்தன, கூடைகள் வந்தன, கஸ்பார் பார்க்காத மீனை ஏலம் போடத் தொடங்கினான், கண்ணால் காணாமல் இரண்டு வியாபாரிகள் அதைக் கேட்கவும் தொடங்கினார்கள். பர்னபாஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நான்தாம்ல அனுப்பி வச்சேன்!" என்று எல்லாருக்கும் முன்னால் போய்க் கயிற்றைப் பிடித்தார். நாலு பேர் தள்ளினால் ஏறுகிற வள்ளம் அசையவில்லை. பத்துப் பேர் பிடித்தார்கள், அசையவில்லை. வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள், சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள், கருவாடு புரட்டிக்கொண்டிருந்த பெண்கள், காய்ச்சலில் கிடந்தவர் ஒருவர், எல்லாரும் வந்தார்கள். கடைசியில் கயிற்று நுனியில் ஒரே ஒரு பிடி இடம் மிச்சமிருந்தது. தூரத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இன்னாசியம்மாள், "எம் புருசன் வள்ளத்த எல்லாரும் இழுக்காக, நான் என்ன பார்த்துக்கிட்டா இருப்பேன்" என்று அதைப் பிடித்தாள். ஏலேலோ என்று ஊர் முழுவதும் ஒரே மூச்சாக இழுக்க, வள்ளம் மணலை உழுதுகொண்டு ஏறி, ஏறிய இடத்தில் முழங்கால் ஆழத்துக்குப் பதிந்து நின்றது.

கஸ்பார் உள்ளே எட்டிப் பார்த்தான். அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்த்தான்.

"மீனு எங்க?"

கித்தேரி கூடையைத் தூக்கிக் காட்டினாள். "இதான்."

"இது கெடக்கட்டும். மீனு எங்க?"

"அண்ணாச்சி, இதான் மீனு."

"அப்போ கனம்?"

எல்லாரும் தொபியாஸைப் பார்த்தார்கள். அவன் வாயைத் திறந்தான், மூடினான், "ம்" என்றான். கித்தேரிக்குப் பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, என்ன பொய் என்றுதான் தோன்றவில்லை.

"இன்னைக்கி நல்லா இருந்துச்சு அண்ணாச்சி" என்றாள்.

"என்ன நல்லா இருந்துச்சு? பாடா?"

"இல்ல. நாளு."

வள்ளம் கட்டுகிற ஆசாரியை முன்னால் கூப்பிட்டார்கள், அவர் பலகைக்குப் பலகை தட்டிக் காது வைத்துப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிக்கல. சரக்கு இருக்கு, கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டார். அதுவரை பதறிக்கொண்டிருந்தவர்களுக்கு, சரக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் நிம்மதியாகிவிட்டது. அடுத்த கேள்வி பங்கு.

ஏனென்றால் புன்னைத்துறையில் ஒரு வழக்கம் உண்டு. வள்ளத்தைக் கரையேற்றக் கை கொடுத்தவர் யாரானாலும் அன்றைய மீன்பாட்டில் அவருக்குப் பங்கு உண்டு. பங்கு வாங்கியவர் அந்த மீன்பாட்டைப் பற்றி ஒரு குறை சொல்லக்கூடாது. கஸ்பார் உள்ளங்கையை விரித்துக் காட்டினான், கயிறு அறுத்துச் சிவந்திருந்தது. "நாலு காரலோ நாப்பது காரலோ, பங்கு பங்குதான்" என்றான். ஊருக்கே நாலு காரலை எப்படிப் பங்கு வைப்பது? திருவிழாவுக்கு எடுக்கிற பெரிய அண்டாவைக் கோயிலிலிருந்து தூக்கி வந்தார்கள். ஊர்ப் புளியும் ஊர் மிளகாயும் ஊர்த் தேங்காயும் போட்டு, அந்த விளமீனையும் காரலையும் கிளாத்தியையும் உள்ளே விட்டுக் குழம்பு காய்ச்சினார்கள். ஆளுக்கு ஒரு கரண்டி. பர்னபாஸுக்குக் கிளாத்தியின் வால் விழுந்தது.

குடித்தவர்கள் குடித்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வயிறு நிறையவில்லை, வேறெதுவோ நிறைந்தது. காய்ச்சல்காரர் இன்னொரு கரண்டி கேட்டார். வெயில் தாழ்ந்து, எழுந்து வீட்டுக்கு நடந்தபோது ஒவ்வொருவர் காலும் மணலில் கணுக்கால் அளவு புதைந்து புதைந்து எழுந்தது. கடைசி ஆள் குடித்து முடித்தபோது, பள்ளத்தில் கிடந்த வள்ளம் தானாகவே கொஞ்சம் மேலே வந்து லேசாக நின்றது.

அந்த வாரம் முழுவதும் ஊர் கனமாகவே இருந்தது. கட்டில் கயிறுகள் தொய்ந்தன. தொட்டில் பிள்ளைகள் அசங்காமல் தூங்கின. புன்னைத்துறை நிறுத்தத்தில் ஆள் ஏறினால் பஸ் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று டிரைவர் புகார் சொன்னார். ஒரு வாரம் கழித்து அவரே இறங்கி வந்து, அந்தக் குழம்பு இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தார். குழாயடிச் சண்டைகள் நின்றன. சண்டை போட எழுந்திருக்க வேண்டுமே, அதற்கு யார் மெனக்கெடுவது?

கித்தேரிக்கு மட்டும் தூக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கமிட்டி. தொபியாஸ் மறுபடி "ம்", "சரி", "சோறு". சனிக்கிழமை மத்தியானம் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது இன்னாசியம்மாள் வந்து எதிரே உட்கார்ந்து, முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கினாள், அதையே விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்க அவன் பேசுதானாமே?"

"பேசுதாக மாமி. வாய் மூட மாட்டேங்காக."

"ம்."

"மாமாவும் பேசுவாகளாம். பாட்டுப் படிப்பாகளாம், உங்க பேரப் போட்டு."

இன்னாசியம்மாள் கையிலிருந்த கல்லைப் பார்த்தாள். அந்தக் கல்லில்தான் ஏதோ எழுதியிருக்கிறது என்பதைப் போல வெகுநேரம் பார்த்தாள். பிறகு அதைத் தூர எறிந்துவிட்டு, "என்ன பாட்டாம்?" என்றாள்.

"அதச் சொல்லுததுக்குள்ள கரை வந்துட்டு மாமி."

ஞாயிற்றுக்கிழமை கோயில் வளவில் ஊர் கூடியது. பர்னபாஸ் எழுந்து நின்றார். எழுந்திருக்க அவருக்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

"வெறும் வள்ளமா வந்தா அத்தோட சரின்னு சொன்னேன்" என்றார்.

"சொன்னீக" என்றது கூட்டம்.

"மீனுன்னு பாத்தா..." என்று தொடங்கினார். கன்னத்தை உப்பினார். கித்தேரி சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டாள். தொபியாஸின் தோளும் குலுங்கியது.

"மாமா, குறை சொல்லக்கூடாது" என்றான் கஸ்பார். "நீங்க கயிறு பிடிச்சிருக்கிய. கிளாத்தி வாலும் தின்னிருக்கிய."

பர்னபாஸ் காற்றை விட்டார். கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார், கயிறு பிடிக்காத ஒரு முகத்தைத் தேடினார். புன்னைத்துறையில் அப்படி ஒரு முகம் மிச்சமில்லை. கடைசியில் அவர் கண் இன்னாசியம்மாளிடம் போய் நின்றது. "வள்ளம் மைனியோட வள்ளம். அவுக ஒரு வார்த்த சொல்லட்டும்" என்றார், தப்பித்த நிம்மதியில்.

"ஏறட்டும்" என்றாள் இன்னாசியம்மாள்.

திங்கட்கிழமை விடியலில் வள்ளம் நீலப் பட்டை முழுசும் தெரிய, லேசாக, கரையில் காத்திருந்தது. இன்னாசியம்மாள் தூக்குவாளியோடு வந்தாள். இரண்டு பேருக்குச் சோறு. மருமகள் கையில் அதைக் கொடுத்து, "கனம் போதும். கொழம்புக்கு ரெண்டு மீனும் கொண்டுட்டு வாங்க" என்றாள். பர்னபாஸும் கஸ்பாரும் பின்பக்கம் தள்ள, அவளும் கை வைத்தாள். வள்ளம் நழுவித் தண்ணீரில் இறங்கி, முதல் அலை ஏறி, இரண்டாவது அலை ஏறி, மூன்றாவதைத் தாண்டியது.

மற்றவர்கள் கரைக்குத் திரும்பினார்கள். இன்னாசியம்மாள் திரும்பவில்லை. சேலையைக் கொசுவிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீர்வரைக்கும் போய் நின்றாள். எஞ்சின் சத்தத்துக்கு நடுவே, காற்று இந்தப் பக்கம் திரும்புகிறபோதெல்லாம், ஒரு குரல் விட்டுவிட்டு வந்தது. மகன் குரலா, அதற்கு முந்தின குரலா என்று பிரிக்க முடியாத குரல். அது பேச்சாக இருந்து, மெல்லப் பாட்டாக மாறியது. அதில் அவள் பெயர் இருந்தது. வள்ளம் புள்ளியாகி மறைகிறவரை அவள் அங்கேயே நின்றாள், நிற்க நிற்க அவள் கால்கள் மணலுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தன. அப்புறம் அவளைக் கரைக்குக் கொண்டுவர நாலு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.